வன்னிக் கொட்டிலில் ஒரு சின்ன விமானம்: தொடங்குகிறவர்களுக்கு

நாலு வருடமாக ஒரு விமானம் செய்துகொண்டிருக்கிறேன். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டிலில். இதுவரை முடிந்தவை: வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான், கிடைவால், இரண்டு சிறகுகளுக்கும் வேண்டிய ரிப்புகள் (சிறகுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்), வலது சிறகின் கூடு. உடற்பெட்டி இன்னும் பலகையாகத்தான் கிடக்கிறது. இந்த நாலு வருடத்தில் ஒன்றரை வருடம் வரிசை தெரியாமல் செய்ததால் வீணானது. அதையாவது நீங்கள் மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் எடுத்த வரைபடம் இவான்ஸ் விபி-1. 1968இல் அமெரிக்காவில் முதன்முதல் பறந்தது. ஒருவர் மட்டும் இருக்கலாம். சிறகு நுனிக்கு நுனி 24 அடி. வெறும் எடை ஏறத்தாழ 200 கிலோ. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினில் பறக்கும். உடம்பு பிளைவுட், சிறகு மரச்சட்டம், மேலே துணி. நீங்கள் வேறு வரைபடம் எடுத்தாலும், மரத்தில் செய்வதென்றால் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் வைத்தியரிடம் போங்கள்

சிரிக்காதீர்கள். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயது, 40 மணித்தியாலப் பறப்புப் பயிற்சி, மருத்துவச் சான்று மூன்றும் வேண்டும். அந்த மருத்துவத்தில் நிறம் பிரித்தறியும் சோதனையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருடம் பலகை சீவிய பிறகுதான் தனக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்று தெரிந்துகொண்டார். விமானத்தை விற்கவும் முடியவில்லை, விறகாக்கவும் மனம் வரவில்லை.

பயிற்சிக்கு இரத்மலானைக்குப் போக வேண்டும். அந்த 40 மணித்தியாலத்துக்கு ஆகும் செலவு கொட்டிலில் கிடக்கும் மரத்தையும் பசையையும் விடக் கூடவாக இருக்கும். இதை முதல் நாளே கொப்பியில் எழுதி வையுங்கள். மனைவிக்கோ கணவருக்கோ காட்டுவது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

2. மரத்துக்கு முன் காகிதம்

எங்கள் ஊரில் விமானம் என்ற சொல்லைக் கேட்டால் வயதானவர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் பதுங்குகுழி இருந்த மூலையைப் பார்ப்பார்கள். ஆகவே பன்னிரண்டடிச் சிறகு ஒன்று உங்கள் கொட்டிலில் நிற்பதை அயலவர் கண்டு மற்றவர் வாயால் ஊருக்குத் தெரிவதைவிட, நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை. ஒரு மாலை மூன்று மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றன. கேள்விகள் மரியாதையாகத்தான் இருந்தன, ஆனால் இரவு ஒன்பது மணிவரை இருந்தன.

இலங்கையில் பறப்பு சம்பந்தமான எல்லாம் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ் வரும். அதைப் பார்ப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை, இடம் கட்டுநாயக்க. பதிவும் பறப்புத் தகுதிக்கான அனுமதியும் கையில் இல்லாமல் சக்கரம் நிலத்தைவிட்டு எழக்கூடாது. ஆகவே முதல் பலகையை அறுக்குமுன் அங்கே ஒரு கடிதம் போக வேண்டும். என்ன விமானம், யாருடைய வரைபடம், எங்கே செய்கிறீர்கள், யார் செய்கிறீர்கள், எந்த எஞ்சின், எத்தனை பேர் இருக்கலாம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்த தோற்றப் படத்தையும் சேருங்கள். எந்தக் கட்டங்களில் அவர்கள் பார்க்க வேண்டும், என்ன பதிவுகள் வைத்திருக்க வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை நாலு வருடம் கழித்து யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கொட்டிலில் எப்போதும் ஒரு கோப்பு தொங்கட்டும். அதில் இருக்க வேண்டியவை:

வரைபடம் வாங்கிய பற்றுச்சீட்டும் அதன் தொடர் இலக்கமும். ஒரு தொகுதிக்கு ஒரு விமானம்தான். தேசிய அடையாள அட்டைப் பிரதி. கிராம அலுவலர் தந்த வதிவிடச் சான்று. காணி உறுதி அல்லது அனுமதிப் பத்திரத்தின் பிரதி. கட்டுநாயக்கவுக்கு அனுப்பிய கடிதமும் பதிவுத் தபால் துண்டும். பொலிஸ் நிலையத்தில் கொடுத்த அறிவித்தல் கடிதத்தின் பிரதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு. தமிழில் எழுதியவற்றுக்கு ஒரு சிங்களப் பிரதியும் வையுங்கள். வருகிறவர் எந்த மொழியில் வாசிப்பார் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் மூன்று பிரதி. ஊருக்குள்ளேயே ஒரு அலுவலகத்தில் என் கோப்பை ஒருமுறை தொலைத்துவிட்டார்கள். இரண்டு பிரதி இருந்ததால் தப்பினேன்.

3. வரைபடம் வாங்கும்போது

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வரைபடங்களை நம்ப வேண்டாம். பக்கம் குறைந்திருக்கும், திருத்தங்கள் சேர்ந்திருக்காது, பற்றுச்சீட்டும் இருக்காது.

இன்னொரு பொறி நகல் இயந்திரம். ரிப் வரைபடத்தை ஒரு கடையில் பெரிதாக்கி எடுத்தேன். இரண்டு வீதம் சுருங்கியிருந்தது எனக்குத் தெரியாது. நாலடி நீள ரிப்பில் இரண்டு வீதம் என்பது கிட்டத்தட்ட ஒரு அங்குலம். ஆறு ரிப் அறுத்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அச்செடுத்ததும் எஃகு அடிமட்டம் வைத்து நீளத்திலும் அகலத்திலும் அளந்து பாருங்கள். தாளை நம்பாமல் இலக்கங்களைப் பார்த்து பிளைவுட்டில் நேரடியாகக் கீறுவது இன்னும் நல்லது.

வரைபடம் அடி, அங்குலத்தில் இருக்கும். நம் தச்சருக்கு அது பழக்கம்தான். ஆனால் அவர்கள் நூல் கணக்கில் நிற்பவர்கள், அங்குலத்தில் எட்டில் ஒன்று. கதவு நிலைக்கு அது போதும். இங்கே முப்பத்திரண்டில் ஒன்று வரை போக வேண்டியிருக்கும். உதவிக்கு ஒரு தச்சரைப் பிடித்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டார்.

4. கொட்டிலும் மேசையும்

இருபதடிக்குப் பன்னிரண்டடி இருந்தால் சமாளிக்கலாம். உடற்பெட்டியின் நீளம் பதினெட்டடி என்பதை நினைவில் வையுங்கள். கதவும் அதற்கேற்றபடி இருக்கட்டும். தகரக் கூரைக்குக் கீழே கிடுகு கட்டினால் மத்தியான வெக்கை குறையும், பசைக்கும் உங்களுக்கும் நல்லது.

மேசை பதினாலடி நீளம், மூன்றடி அகலம். இதுதான் உங்கள் முதல் கருவி. மேசை முறுகினால் சிறகும் முறுகும், முறுகிய சிறகு ஒரு பக்கம் சாயும். மட்டம் பார்க்க விலைகூடிய கருவி தேவையில்லை. மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் போதும், காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பினால் சரி. என் மேசைக்கு 42,000 ரூபாய் போனது. அதில் பாதி, முதலில் செய்த மலிவு மேசை மாரியில் வளைந்ததால் வந்த செலவு.

கறையான் வன்னியில் பெரிய எதிரி. மேசைக் கால்களைப் பழைய எஞ்சின் ஒயில் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள், சமையலறையில் எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது போல. பலகையைச் சுவரில் சாய்க்கவே வேண்டாம். கூரைச் சட்டத்திலிருந்து கயிற்றில் படுக்கையாகத் தொங்கவிடுங்கள்.

5. மரம்

முதிரையும் பாலையும் நிலைக்கும் தூணுக்கும் அருமையான மரங்கள். சிறகுக்கு ஆகாது, பாரம். தேக்கும் அப்படித்தான்: கன மீற்றருக்கு 650 கிலோ அளவு வரும், விமானத்துக்குப் பாவிக்கும் சிட்கா ஸ்பூருஸ் என்ற வெளிநாட்டு மரம் 430 கிலோ அளவில் நிற்கும். வரைபடத்தில் ஸ்பூருஸ் என்று இருந்தால் ஸ்பார் என்ற முதன்மைச் சட்டத்துக்கு அதையேதான் வரவழைக்க வேண்டும். மிச்சம் பிடிக்க வேறு நூறு இடம் உண்டு, ஸ்பார் அதில் ஒன்றல்ல.

நீளமான பலகையை அனுப்பக் கூரியர் நிறுவனங்கள் மறுக்கும். துண்டாக எடுத்து சரிவாகச் சீவி ஒட்டலாம், ஆனால் சரிவு ஒன்றுக்குப் பத்துக்குக் குறையக்கூடாது, அதாவது பலகையின் தடிப்பைப் போல் பத்து மடங்கு நீளம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் இன்னும் நல்லது. அமெரிக்க விமான நிர்வாகம் இலவசமாகத் தரும் ஏசி 43.13-1பி என்ற கைநூலின் முதல் அத்தியாயம் முழுக்க மரவேலை. அதை அச்செடுத்து மேசைக்கு மேலே கட்டிவிடுங்கள்.

நரம்பு நேராக ஓடுகிறதா என்று பார்க்க, பேனா மையில் ஒரு சொட்டு வைத்தால் மை நரம்பு வழியே நீளும். பதினைந்து அங்குலத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் சரிந்தால் அந்தப் பலகையை ஸ்பாருக்கு எடுக்க வேண்டாம்.

ஈரப்பதம் எட்டிலிருந்து பன்னிரண்டு வீதத்துக்குள் நிற்க வேண்டும். அளவுமானி இல்லையென்றால் ஒரு துண்டை நிறுத்து, 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிறை குறையாமல் நிற்கும்வரை உலர்த்தி, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 112 கிராம் 100 ஆனால் ஈரம் 12 வீதம். எங்கள் சந்திப் பேக்கரிக்காரர் பாண் இறக்கிய பிறகு அந்த அடுப்பில் என் பலகைத் துண்டை வைக்க விட்டார். காசு வாங்கவில்லை. ஆனால் விமானம் முடிந்ததும் தன்னை ஏற்ற வேண்டும் என்றார். ஒற்றை இருக்கை என்று நான் இன்னும் சொல்லவில்லை.

பிளைவுட்டுக்கு பிஎஸ் 1088 என்ற கடற்பாவனைத் தரத்தைச் சிலர் எடுப்பார்கள். வரைபடக்காரர் அனுமதித்தால் மட்டும் எடுங்கள். அப்போதும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு துண்டை ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்து, உலர்த்தி, கத்தியால் நெம்பிப் பாருங்கள். முத்திரை குத்தியிருந்த ஒரு தட்டு என் அடுப்பில் அப்பளம் போல விரிந்தது.

6. பசை

இங்கேதான் நான் அதிகம் தோற்றேன்.

முதல் பிழை ஆளைப் பிழையாகக் கேட்டது. முல்லைத்தீவில் கண்ணாடிநார்ப் படகு செய்பவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் எஞ்சின் மூடி வார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பொலியெஸ்டர் ரெசின். மரத்தோடு மரம் ஒட்ட அது ஆகாது. எங்களுக்கு வேண்டியது கட்டமைப்புக்கு என்றே செய்த எபொக்சி. நான் பாவிப்பது டி-88, இரண்டு பாகமாக வரும், கன அளவில் சமனாகக் கலக்க வேண்டும். அளக்க மருந்துக்கடைச் சிரிஞ்சு இரண்டு போதும், ஒன்றுக்குச் சிவப்பு நாடா, மற்றதற்கு நீலம். மாறினால் முழுப் போத்தலும் போச்சு.

இரண்டாவது பிழை காலம். வெளிநாட்டுக்காரர் குளிருக்குப் பயந்து எழுதிய குறிப்புகளை வாசித்துவிட்டு, மாரியில் எங்களுக்குக் குளிர் இல்லையே என்று கார்த்திகையில் ஏழு ரிப் ஒட்டினேன். குளிர் இல்லைத்தான், ஆனால் மரம் ஈரத்தைக் குடித்திருந்தது. தை வெயிலில் மரம் இறுகியபோது மூன்று மூட்டு நகத்தால் கிளப்ப வந்தது. ஏழையும் அடுப்புக்குள் வைத்தேன்.

அப்புறம் எதிர்ப்பக்கம்: சித்திரை வெயிலில் மத்தியானம் கலந்தால் கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே என் நாள்காட்டி இப்படி: மாசி முதல் புரட்டாசி வரை ஒட்டுகிற காலம், அதிலும் காலை ஆறு முதல் ஒன்பது வரை. ஐப்பசி முதல் தை வரை உலோகத் துண்டுகள் அறுத்தல், துளையிடல், கடிதம் எழுதல், வரைபடம் வாசித்தல். சோளகம் பலமாக அடிக்கும் நாட்களில் கொட்டிலின் மேற்குப் பக்கத்துக்குச் சாக்குத் திரை கட்டுங்கள், ஒட்டிய இடத்தில் தூசி படியும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஒட்டும் முகத்தை சீவுளியால் புதிதாகச் சீவிவிட்டு ஒட்டுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் தூள் நுண்துளைகளை அடைத்துவிடும். எபொக்சிக்கு இறுக்கம் அளவாக இருக்கட்டும், தச்சர் பாணியில் முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்து மூட்டு வறண்டுபோகும். ரிப்பைப் பொருத்தி ஒட்டும் அச்சின் மேல் பொலித்தீன் விரியுங்கள். என் முதல் ரிப் இன்னும் பழைய மேசையோடுதான் இருக்கிறது.

ஒவ்வொரு கலவையிலும் கடைசிச் சொட்டில் இரண்டு பலகைத் துண்டுகளை ஒட்டி, திகதியைப் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒரு கிழமை கழித்துச் சுத்தியலால் அடித்து உடையுங்கள். மரம் கிழிந்து உடைந்தால் மூட்டு நல்லது. பசைக்கோட்டில் சுத்தமாகப் பிரிந்தால் அன்றைக்கு ஒட்டியதெல்லாம் குப்பை, எவ்வளவு அழகாக இருந்தாலும். உடைத்த துண்டுகளை எறியாதீர்கள், சாக்கில் போட்டு வையுங்கள். பார்க்க வரும் அதிகாரிக்கு உங்கள் பேச்சைவிட அந்தச் சாக்கு அதிகம் சொல்லும்.

7. போல்ட், வெளிநாட்டுச் சாமான், சுங்கம்

ஹாட்வெயார் கடைப் போல்ட் வேண்டாம். ஏஎன் என்று தொடங்கும் விமானப் போல்ட்தான் வேண்டும், தலையில் சிலுவை அல்லது நட்சத்திரம் போல ஒரு அடையாளம் இருக்கும். ஏஎன்3 என்றால் தடிப்பு பதினாறில் மூன்று அங்குலம், ஏஎன்4 என்றால் கால் அங்குலம். இலக்கம் விளங்காமல் வாங்கினால் நீளம் பிழைக்கும். முன் சொன்ன கைநூலின் ஏழாம் அத்தியாயத்தில் எல்லாம் இருக்கிறது.

போல்ட்டும் நட்டும் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் மச்சான்மாரின் பெட்டியில் வரலாம், பற்றுச்சீட்டு கூட வரட்டும். பசை, வார்னிஷ், பெயிண்ட் எதையும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் பறிப்பார்கள், அவர்கள் மறுமுறை உங்கள் அழைப்பையே எடுக்க மாட்டார்கள். அவை கப்பலில்தான் வர வேண்டும்.

பெட்டியின் விபரத்தில் வெறுமனே "விமான உதிரிப்பாகம்" என்று விற்பவர் எழுதினால் அது நின்றுவிடும். எதையும் மறைக்கவும் வேண்டாம், மொட்டையாக எழுதவும் வேண்டாம்: ஸ்பூருஸ் பலகை இத்தனை, எஃகு போல்ட் இத்தனை, வீட்டில் செய்யும் சிறு விமானத்துக்கு, என்று பொருள் பொருளாக எழுதச் சொல்லுங்கள். கட்டுநாயக்கக் கடிதத்தின் பிரதியையும் முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். இறக்குமதி அனுமதி வேண்டிய பொருளா என்பதைக் காசு கட்டுமுன் கேட்டுவிடுங்கள். வரி சாமானின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல்கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. அதற்கு மேல் 18 வீதம் வற் வரி. என் முதல் பெட்டி ஒரு களஞ்சியத்தில் 41 நாள் கிடந்தது, தினக்கூலி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பலகையின் விலையைவிடக் கூலி கூட. சின்னச் சின்னதாக ஐந்து பெட்டி எடுப்பதைவிட ஒரு பெட்டியாக எடுங்கள்.

8. சுக்கானிலிருந்து தொடங்குங்கள்

சிறகு ஆசை காட்டும். கேட்காதீர்கள். சுக்கான் சின்னது, ரிப், ஸ்பார், ஒட்டு, பிணைச்சல் எல்லாம் அதில் உண்டு. பிழைத்தால் நட்டம் கொஞ்சம். உலோக விமானத் தொகுதி விற்கும் அமெரிக்க நிறுவனமான செனித், புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சுக்கான் செய்யத்தான் பயிற்சி வைக்கிறது. நான் இரண்டு சுக்கான் செய்தேன். முதலாவது கொட்டில் வாசலுக்கு மேலே தொங்குகிறது. சிறகு எங்கே என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நேரக் கணக்கு: இப்படியான சின்ன மரவிமானத்துக்கும் ஆயிரம் மணித்தியாலம் என்பது சாதாரணம். கிழமைக்கு எட்டு மணித்தியாலம் தந்தால் இரண்டரை வருடம். கல்யாணவீடு, செத்தவீடு, வயல்வெட்டு, மாரி எல்லாம் போக நாலு வருடத்தில் நான் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. எஞ்சினை இப்போது வாங்காதீர்கள்

நான் முதல் மாதமே வாங்கினேன், வவுனியாவில் ஒரு பழைய பீட்டில் காரிலிருந்து. மூன்று மாரி கொட்டிலில் கிடந்து சிலிண்டருக்குள் துருப்பிடித்தது. காருக்குரிய எஞ்சினைப் பறக்க விடுவதற்கு இறக்கைச்சுழலி பொருத்தும் பாகம், தீப்பொறி அமைப்பு, எண்ணெய்க் குளிர்ப்பு என்று இன்னொரு முழு வேலை இருக்கிறது. உடற்பெட்டி சக்கரத்தில் நின்ற பிறகு யோசித்தால் போதும்.

10. எங்கே பறக்கும் என்பதையும் இப்போதே யோசியுங்கள்

வவுனியா, இரணைமடு ஓடுபாதைகள் விமானப்படையிடம். வயலிலோ குளக்கட்டிலோ ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், அனுமதி இல்லாமல் தரையில் ஓட்டிப் பார்ப்பதும் வம்பு. கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்ததாகத் தெரியாத காணிப் பக்கம் சக்கரம் போகவே கூடாது. ஆகவே சிறகு கழற்றக்கூடிய வடிவமைப்பையே தெரிவு செய்யுங்கள். ஒருநாள் அதை லொறியில் ஏற்றி ஏ9 வீதியால் தெற்கே கொண்டுபோக வேண்டிவரும்.

11. மூடுமுன்

துணி போர்த்தினால் உள்ளே இருப்பது இனிக் கண்ணுக்குப் படாது. அதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் படம் எடுங்கள். படத்தில் அடிமட்டமும் திகதி எழுதிய துண்டும் தெரியட்டும், உங்கள் கையும் முகமும் சிலவற்றிலாவது தெரியட்டும். அமெரிக்காவில் இப்படியான விமானத்தின் பெரும்பகுதியைத் தானே செய்ததாகக் காட்டினால்தான் அதற்குரிய சான்று கிடைக்கும். அந்த நிபந்தனை இங்கே கேட்கப்பட்டாலும் கேட்கப்படாவிட்டாலும் படம் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது கண் ஒன்று கட்டாயம். பிரித்தானியாவில் சிறு விமானக்காரர் சங்கத்துப் பரிசோதகர் வீட்டுக்கே வந்து கட்டம் கட்டமாகப் பார்ப்பார். எனக்கு அப்படி ஒருவர் இல்லை. விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்தேன். வருடத்தில் இரண்டு தடவை பஸ் ஏறி வருவார். பயணச் செலவும் நல்ல மீன்குழம்பும் என் பொறுப்பு. போன தடவை வலது சிறகுக்குள் லாம்பைப் பிடித்து அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, ஒரு நட்டைக் காட்டி, இதன் புரி வெளியே வரவில்லை, போல்ட் குட்டை என்றார். அது ஏஎன்3. எட்டில் ஒரு அங்குலம் நீளம் கூட்டி வாங்கியிருக்க வேண்டும்.

அந்தப் போல்ட் இப்போது ரொறன்ரோவிலிருந்து ஒரு மச்சானின் பெட்டியில் வருகிறது. வந்து மாற்றியதும், மாரி முடிந்து பலகையின் ஈரம் பன்னிரண்டு வீதத்துக்குக் கீழே இறங்கினால், உள்ளே வார்னிஷ் பூசுவேன். அதுவரை சிறகு கூரையில் தொங்குகிறது. கதவுக்கு வலை அடித்திருக்கிறேன், ஆடு உள்ளே வராமல்.